வரம் கேளுங்கள், ரசீது தருகிறோம்

நாடுகாணி, தேவாலா, பந்தலூர் பக்கத்து ஜனங்களுக்குக் கைவந்த தொழில் இரண்டு. ஒன்று கொழுந்து பறிப்பது, மற்றொன்று மனு கொடுப்பது. முதல் தொழிலுக்குக் கூலி உண்டு. இரண்டாவதுக்கு ரசீது உண்டு.

இவர்கள் கொடுத்துப் பார்க்காத இடமில்லை. வருஷா வருஷம் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி. திங்கட்கிழமை தோறும் ஊட்டியில் கலெக்டர் முன்னால் குறைதீர் நாள், அதற்கு மலையேற அறுபது கிலோமீட்டருக்கு மேல். அப்புறம் 1100 என்ற எண்ணுக்கு போன். அப்புறம் ‘முதல்வரின் முகவரி’. அப்புறம் ‘மக்களுடன் முதல்வர்’. 2025 ஜூலை 15-இல் தொடங்கி ‘உங்களுடன் ஸ்டாலின்’, மாநிலம் முழுக்கப் பத்தாயிரம் முகாம், கிராமப்புறத்தில் 15 துறைகள், 46 சேவைகள். பந்தல் மாறுகிறது, பேனரில் சிரிக்கிற முகம் மாறுகிறது. மனு மட்டும் மாறவில்லை. அப்பா எழுதிய மனுவில் பெயரையும் தேதியையும் மாற்றி மகன் கொடுக்கிறான். பூர்வீகச் சொத்து என்று கைக்கு வந்தது அந்த வாசகம் ஒன்றுதான்.

அப்படி என்ன கேட்கிறார்கள்? ‘உங்கள் வாழ்க்கை மேம்பட எதை மாற்ற வேண்டும்?’ என்று கேட்டால் உலகத்தில் மற்றவர்கள் வேலையை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன், உடம்பை இளைப்பேன் என்பார்கள். நாடுகாணிக்காரர் வீட்டுக்கு ஒரு பல்பு என்பார். கொஞ்சம் பேராசைக்காரராக இருந்தால் பட்டா என்பார். மழைக்காலத்தில் கேட்டால் ஆம்புலன்ஸ் வந்து திரும்புகிற அளவுக்கு ஒரு ரோடு என்பார். தென்மேற்குப் பருவமழை இறங்கினால் மாநிலத்தின் மழைக் கணக்கில் தேவாலா முதலிடத்துக்குப் போட்டியிடும் ஊர். வானம் கொட்டுகிற கொட்டுக்கு மின்னலாவது இலவச வெளிச்சம். அதற்குத் தடையின்மைச் சான்று யாரும் கேட்பதில்லை.

பல்புக்குத்தான் கேட்கிறார்கள். ஏனென்றால் இது பிரிவு 17 நிலம்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கூடலூர் மண் முன்பு மலபார் ஜில்லாவோடு இருந்து 1877-இல் நீலகிரிக்கு வந்தது. ஜில்லா மாறியதே தவிர ஜென்மி மாறவில்லை. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம்தான் ஜென்மி, அதாவது நிலத்துக்கு உடையவர், எஸ்டேட்காரர்கள் குத்தகைக்காரர்கள், பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் கணக்கிலேயே வராதவர்கள். 1969-இல் தமிழக அரசு கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஜென்மியை ஒழித்து, உழுகிறவனுக்குப் பட்டா தரும் சட்டம். சுமார் 80,000 ஏக்கர். அது நடைமுறைக்கு வரவே 1974 நவம்பர் ஆயிற்று. அதில் 17-வது பிரிவு தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றியது: குத்தகை தொடர்வதா, ரத்தாவதா என்று அரசு முடிவு செய்யலாம். அரசு முடிவு செய்துகொண்டே இருக்கிறது. அரை நூற்றாண்டு என்பது நல்ல முடிவுக்கு ஒரு காலமா என்ன?

இந்த மண்ணிலிருந்து போன வழக்குகளைப் பார்த்தால் பெருமையாக இருக்கும். 1972-இல் பால்மடீஸ் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் ஒரு பகுதியை, காடுகள் தொடர்பானதை, செல்லாது என்றது. உடனே 1974-இல் பாராளுமன்றம் அரசியல் சாசனத்தையே 34-ஆவது முறையாகத் திருத்தி, இந்தக் கூடலூர் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்து, எந்த நீதிமன்றமும் தொடாதபடி பூட்டியது. பூட்டை ஆட்டிப் பார்க்க ஒரு தோட்டக்காரர் போனார். ஐ.ஆர். கொய்லோ வழக்கு ஒன்பது நீதிபதிகள் முன்னால் போய் நின்றது. 2007 ஜனவரி 11-இல் தீர்ப்பு: 1973 ஏப்ரலுக்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை வைத்து உரசிப் பார்க்கலாம். இன்று இந்தியாவின் சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் பட்டம் வாங்க முடியாது. கூடலூர் மண் நாட்டுக்கே சாசனப் பாடம் நடத்தியிருக்கிறது. அதே கூடலூரில் பிள்ளைகள் அந்தப் பாடத்தை ராத்திரி படிக்க வேண்டுமானால் மண்ணெண்ணெய் விளக்கு.

இன்னொரு மனுவின் கதையும் உண்டு. 1995-இல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, தன் குடும்பத்துக்கு முன்பு சொந்தமாக இருந்த கூடலூர்க் காட்டில் மரம் வெட்டப்படுவதைக் கண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர் கண்டது நிஜம், கேட்டது நியாயம். 1996 டிசம்பர் 12-இல் வந்த உத்தரவு இந்தியக் காடுகளின் தலையெழுத்தையே மாற்றியது. வழக்கு இன்னும் முடியவில்லை. அவர் 2016-இல் காலமானார், அவர் பெயரில் உத்தரவுகள் வந்துகொண்டிருக்கின்றன. 2022 ஜூனில் தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் கட்டுப்பாடு என்று வந்து, கூடலூரே கடையடைத்துப் புலம்பியதும் அந்த வழக்கில்தான்.

நன்றாகக் கவனியுங்கள். ஜென்மியை ஒழித்தோம் என்றது அரசு. ஜென்மி வீட்டிலிருந்து போன ஒரே மனு முப்பது வருஷமாக விசாரிக்கப்படுகிறது. குடிகள் கொடுத்த ஆயிரமாயிரம் மனுக்களுக்கு ஒரே வரியில் பதில் வருகிறது: நிலம் பிரிவு 17-இல் வருவதால் ஏற்க இயலாது. ஜென்மம் ஒழிந்தது, ஜென்மப் பலன் ஒழியவில்லை.

தேவாலாவுக்குக் காகித யோகமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1880-ஐ ஒட்டி இங்கே தங்கம் இருக்கிறது என்று வெள்ளைக்காரர்களுக்குப் பித்துப் பிடித்தது. லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. சில வருஷத்தில் எல்லாம் மண்ணாயிற்று. பூமிக்கடியில் இருப்பதாகச் சொன்ன தங்கத்துக்கு லண்டனில் பங்குப் பத்திரம் அச்சடிக்க முடிந்தது. பூமிக்கு மேலே, ஓடு போட்டு, கண்ணெதிரே நிற்கிற வீட்டுக்குக் கூடலூரில் ஒரு தாள் அச்சடிக்க முடியவில்லை.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். 2018 ஏப்ரல் 28-இல் இந்தியாவின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் சென்றுவிட்டதாக டெல்லி அறிவித்தது. அரசின் இலக்கணப்படி ஒரு ஊரின் பொது இடங்களிலும், நூற்றுக்குப் பத்து வீட்டிலும் விளக்கு எரிந்தால் அது மின்சாரம் பெற்ற கிராமம். மிச்சம் தொண்ணூறு வீடும் அந்தப் பத்து வீட்டைப் பார்த்துப் பரவசப்பட வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகையில் ஒரு யூனிட்கூடத் தொடாமல் அரசுக்கே மிச்சம் பிடித்துக் கொடுக்கும் தியாகிகள் இந்தியாவிலேயே இந்தப் பிரிவு 17 ஜனங்கள்தான். மானியத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்புகிற நாடு இவர்களுக்கு ஒரு கார்டாவது போடலாம். முகவரி இல்லை என்று திரும்பிவிடுமோ?

அதே பிரிவு 17-இல் பெரிய எஸ்டேட் பங்களா இருக்கிறது, பேக்டரி இருக்கிறது. அங்கே விளக்கு எரிகிறது. வழக்கு நடத்தத் தெரிந்தவருக்கு இருட்டு வராது.

சிலோன்காரர்கள் கதை தனி. 1948-இல் இலங்கை, தன் தேயிலையைப் பறித்த கைகளைப் பார்த்து நீ குடிமகன் இல்லை என்றது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். பிறகு, 1974-இல், ஆளுக்கு 75,000 என்று அதையும் சமமாக வெட்டினார்கள். கறிக்கடையில்கூட எலும்பு யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, மலைக்கு வந்தவர்களுக்காக அரசே காட்டை வெட்டித் தேயிலை நட்டது. 1968-இல் தொடங்கிய திட்டம், பிறகு டான்டீ என்ற அரசுக் கழகம். காட்டை வெட்டியது அரசு, நட்டது இவர்கள். லயத்து வீட்டில் நாற்பது மழைக்காலம் நனைந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய் என்பார்கள். எங்கே போவது? தாயகம் திரும்பியோர் என்று இவர்களுக்கு அரசு வைத்த பெயர், திரும்பிய இடத்தில் ஆறடி மண்ணும் சொந்தமில்லை. 2022-இல் அரசுக்கு ஞானோதயம். டான்டீ நஷ்டத்தில் ஓடுகிறது, ஆகவே 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கலாம் என்று அரசாணை. மரத்தைத் திரும்ப நடலாம். மனுஷனைத் திரும்ப எங்கே நடுவது என்று அரசாணையில் தேடினாலும் கிடைக்காது.

காடு வேண்டாம் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. யானை நடந்த வழியில் யார் வீடு கட்டினார்கள், யார் ரிசார்ட் கட்டினார்கள் என்பது வனத்துறையைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அரசின் அக்கறை எந்த உயிரை நோக்கிப் பாய்கிறது என்று பார்த்தால் ஒரு யோசனை தோன்றுகிறது. 2021-இல் டி23 என்று ஒரு புலி. அதைப் பிடிக்க மூன்று வாரம் டிரோன், மோப்ப நாய், கும்கி யானை, பல மாவட்ட வனப் பணியாளர்கள். 2022 நவம்பரில் தேவாலா அருகே வீடு புகுந்து ஒரு பெண்ணைக் கொன்றது பிஎம்2 என்ற மக்னா, தந்தமில்லாத ஆண் யானை. அரிசியைத் தேடி வருவதால் ஊர் வைத்த பெயர் அரிசி ராஜா. டிசம்பரில் அதைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, முதுமலையில் விட்டார்கள். ஜனவரியில் அது எல்லை தாண்டிச் சுல்தான் பத்தேரி டவுனுக்கே போய் நின்றது. கேரள வனத்துறை பிடித்து வைத்துக்கொண்டது. ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரி அவசரம் என்றால் எங்கள் ஜனமும் பத்தேரிக்கும் பெரிந்தல்மண்ணைக்கும்தான் ஓடுகிறது. யானைக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். பந்தலூர், கூடலூர் தாலுகா மனிதர்களைப் பாதுகாக்கப்பட்ட விலங்குகள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஆளுக்கு ஓர் எண், கழுத்தில் ஒரு காலர். அப்போதாவது இரவு எட்டு மணிக்கு இவர்கள் எங்கே, எந்த இருட்டில் நிற்கிறார்கள் என்று சென்னையில் ஒரு திரையில் தெரியும். குறைந்தபட்சம் காலருக்கு ஒரு பேட்டரி உண்டு. இப்போதைய ஏற்பாட்டில் யானை மிதித்துச் செத்தால்தான் அதிகாரிகள் ஜீப்பில் வருகிறார்கள். நிவாரணக் காசோலைக்குப் பிரிவு 17 தடையில்லை. உயிரோடு இருக்கும்போது இல்லாத முகவரி சவத்துக்கு மட்டும் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறது.

செடிக்காவது கொடுத்துவைத்திருக்கிறது. நாடுகாணியிலேயே வனத்துறையின் ஜீன்பூல் மையம் இருக்கிறது. ஆர்க்கிட், பெரணி, மூலிகை என்று வகைவகையாகப் பேணுகிறார்கள், சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். கொஞ்சம் தள்ளிச் செக்போஸ்ட். 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கு இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றத்தின் கணக்கு. வழிக்கடவு மலையேறி வருகிற கார் மொபைலைக் காட்டுகிறது, ஸ்கேன் ஆகிறது, போகிறது. இரண்டு நாள் தங்க வருகிறவருக்கு இரண்டு நிமிஷத்தில் அனுமதி. அந்தச் சாலையோரத்திலேயே மூன்று தலைமுறையாக இருப்பவருக்கு, இருக்கலாமா கூடாதா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஓட்டுப் போடலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ஆதார் உண்டு, ரேஷன் கார்டு உண்டு, வாக்காளர் அட்டை உண்டு. தேர்தல் வந்தால் இரண்டு கழகமும் வந்து பிரிவு 17-க்கு உடனடித் தீர்வு என்கின்றன. ‘உடனடி’க்கு இப்போது வயது ஐம்பது தாண்டிவிட்டது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி, பூசாரி இருவருமே முகாம் போட்டு வரம் கேட்கச் சொல்கிறார்கள். கணினியின் முன்னால் ஒப்பந்தச் சம்பளத்தில் ஒரு பையன். எதிரே கொழுந்துக் கறை போகாத விரல்களோடு ஓர் அம்மா.

“சொல்லுங்கக்கா, எந்தச் சேவைக்கு வந்திருக்கீங்க?”

“வீட்டுக்கு கரண்ட் வேணும் தம்பி.”

“இடம் பட்டாவா, பதினேழா?”

“பதினேழுதான்யா. எங்க மாமனார் காலத்துல இருந்து குடுக்கறோம்.”

“சரிக்கா, நான் பதிவு பண்ணித் தர்றேன். மெசேஜ் வரும். போன்ல சார்ஜ் மட்டும் வெச்சுக்கோங்க.” பையன் தட்டிக்கொண்டே போகிறான், ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. “வீட்டு முகவரிக்கு ஒரு ஆதாரம் கேக்குதுக்கா. பழைய கரண்ட் பில் ஏதாச்சும் இருக்கா?”