ஈரப்பதம் 17, தூக்கம் நியாயமான அளவு

புதுதில்லி, தேசிய மருத்துவ ஆணையத்தார் சமூகத்துக்கு, காவிரியை விட்டுக் குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு விவசாயி எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

உங்கள் 2023ஆம் வருஷத்து முதுநிலைக் கல்வி விதிமுறையைப் படித்தேன். பயிற்சி டாக்டர்கள் நியாயமான நேரம் வேலை பார்க்கவேண்டும், அவர்களுக்கு நியாயமான நேரம் ஓய்வு தரவேண்டும் என்கிறது. என்ன பெருந்தன்மை! எங்கள் நெல் கொள்முதல் நிலையத்துக்கு இப்படியொரு விதி வாய்க்கவில்லையே என்று பொறாமையாக இருக்கிறது. அங்கே ஈரப்பதம் 17 விழுக்காடு என்று எண்ணால் அடித்துவிட்டார்கள். மீட்டர் கூடுதலாகக் காட்டினால் நெல்லை மறுபடியும் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டியதுதான். 'நியாயமான ஈரம்' என்று போட்டிருந்தால், ஐப்பசி மழையில் நனைந்த குறுவையையும் நியாயமாக எடைபோட வைத்திருப்போம். என்ன, மூட்டை முளைவிட்டிருக்கும். அது வாங்கித் தின்கிறவர் பாடு.

எண் போடுவது முடியாத காரியமும் இல்லை. 1992இல் மத்திய அரசு, பயிற்சி டாக்டர்களின் வேலை ஒரு நாளைக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்று உத்தரவு போட்டது. 2024இல் மாணவர் மனநலம் பற்றிய உங்கள் பணிக்குழுவே வாரத்துக்கு 74 மணிக்கு மேல் கூடாது என்று பரிந்துரைத்தது. 32 வருஷத்தில் 26 மணி ஏற்றம், முன்னேற்றம்தான்! அதே குழுவின் கணக்கெடுப்பில் 5,337 முதுநிலை மாணவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதில் 31 விழுக்காட்டுப் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை.

அடி விழுந்த பிறகு மட்டும் எண்கள் தாமாக வருகின்றன. தமிழ்நாட்டின் 2008ஆம் வருஷத்துச் சட்டப்படி டாக்டர்மேல் கைவைத்தால் 3 முதல் 10 வருஷம் சிறை. கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் இரவுப் பணிக்கு நடுவே கருத்தரங்க அறையில் படுத்திருந்த பயிற்சி டாக்டர் 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில் மத்திய சுகாதார அமைச்சகம், தாக்குதல் நடந்தால் நிறுவனத் தலைவர் 6 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்கவேண்டும் என்றது. புகாருக்கு மணிக்கணக்கு கிடைத்தது. பயிற்சி டாக்டர் படுக்க ஒரு அறை?

ராத்திரி இரண்டு மணிக்குப் பாம்பு கடித்தவனைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அங்கே எங்களுக்கு முன்னால் நிற்பது பேராசிரியர் இல்லை, எப்போது தூங்கியதென்றே தெரியாத ஒரு பிள்ளை. கட்டில் இல்லாததற்கும் மருந்து வராததற்கும் அந்தப் பிள்ளையின் சட்டையைத்தான் பிடிப்போம். மந்திரி சட்டை எட்டாது, உங்கள் சட்டை தில்லியில் இருக்கிறது.

உங்களையே குறை சொல்லவும் கூடாது. 2022இல் எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் ஜூன் 12 தொடங்கி 10 நாள் யோகா என்று பரிந்துரைத்தீர்கள். மேட்டூர் அணை திறக்கிற தேதியும் அதுதான். தண்ணீர் வராத வருஷத்தில் எங்களையும் மூச்சை இழுத்துவிடச் சொல்லிவிடலாம்.

1992 உத்தரவின் நகல் உங்கள் அலுவலகத்தில் இல்லையென்றால் தெரிவிக்கவும். பதிவுத்தபாலில் அனுப்புகிறேன். ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போட ஒருவர் விழித்திருந்தால் போதும்.