ஊசியும் வாலிபமும்

கேள்வி: வயது 48. சோர்வு மிகுந்துவிட்டது, எதிலும் நாட்டமில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் வாலிபம் திரும்புமா?

பதில்: 1889-ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்து வித்வான்களின் சபையிலே, 72 வயது முதியவரான பிரௌன்-செக்கார் என்னும் வைத்திய மேதை, நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச்சாற்றைத் தமக்கே ஊசியாகச் செலுத்திக்கொண்டு, இழந்த பலம் மீண்டதென்று பகிரங்கமாக அறிவித்தார். அச்சாற்றில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் இருந்தது நாமமாத்திரமே, மிச்சமெல்லாம் நம்பிக்கைதான் என்பது பின்னாளில் விளங்கிற்று. 1935-இல் ரசாயன சாலையில் உருவான அசல் சரக்கு அப்படிப்பட்டதன்று. குறைபாடு மெய்யாக இருக்குமானால் பலன் தரும். ஆயினும், தூக்கக்கேடும் தொந்தியுங்கூட இதே லட்சணங்களைக் காட்டுமாதலால், இரண்டு வெவ்வேறு நாட்களில் காலை வேளையில் ரத்தத்தைச் சோதித்து, குறைவை ஊர்ஜிதம் செய்துகொண்ட பின்னரே நல்ல வைத்தியர் ஊசியைத் தொடுவார். வெளியிலிருந்து ஹார்மோன் வரத் தொடங்கியதும், வேலையாள் வந்துவிட்டதைக் கண்ட வீட்டோடு மாப்பிள்ளையைப் போல, தங்கள் சொந்த விதைகள் காலை நீட்டிப் படுத்துவிடும், விந்தணுக்களும் அருகிப்போகும். ஆகையால் சந்தான அபேட்சை இன்னும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தம் தடிக்கிறதா என்பதையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். தலைமயிர் திரும்புமா என்று தாங்கள் கேட்காதது என் பாக்கியம். இந்த ஹார்மோன் வழுக்கைக்குப் பரம சிநேகிதன்.