ஒரே உறையில் இரண்டு கத்தி

கேள்வி: இரண்டு மென்பொருள் கம்பெனிகள் இணைந்தாலே, ‘அடுத்த பதிப்பு வராதாம்’ என்று வதந்தி கிளம்பிவிடுகிறதே, நம்பலாமா?

பதில்: ஒரே வேலைக்கு அவர்களிடம் இரண்டு மென்பொருள் இருந்தால் நம்புங்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி தங்காது. 2005-இல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியதும், அங்கிருந்து வந்த, படம் வரையும் மென்பொருளான ஃப்ரீஹேண்டின் கதை முடிந்தது என்று பேச்சு எழுந்தது. அதே வேலைக்கு அடோபியிடம்தான் இல்லஸ்ட்ரேட்டர் இருந்ததே! 2007-இல் பேச்சு மெய்யானது. இணையப் பக்கம் வடிவமைக்கும் ட்ரீம்வீவர் வந்து சேர்ந்ததால், அதே வேலை செய்த அடோபியின் கோலைவும் 2008-இல் போயிற்று. போட்டியில்லாத அசைபட மென்பொருள் ஃப்ளாஷுக்கோ 2007-இலேயே புதுப்பதிப்பு!

ஃப்ரீஹேண்ட் விஷயம்தான் எனக்கு ஆறவே இல்லை. 1994-இல், அப்போது ஃப்ரீஹேண்டை விற்றுவந்த ஆல்டஸோடு அடோபி இணைந்தபோது, படம் வரையும் மென்பொருளில் போட்டியே இல்லாமல் போகும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குறுக்கே நின்றது. ஃப்ரீஹேண்டை, அதை உருவாக்கிய ஆல்ட்சிஸிடமே திருப்பித் தரவைத்தது. ஆல்ட்சிஸை மேக்ரோமீடியா வாங்க, மேக்ரோமீடியாவை அடோபி வாங்க, தடுக்கப்பட்ட கைக்கே அது போய்ச் சேர்ந்துவிட்டது. பழகிய தூரிகையைப் பறிகொடுத்த வடிவமைப்பாளர்கள் 2011-இல் வழக்கே போட்டார்கள். நியாயமான கோபம்!