கொழும்பு ஆறும் கொழும்பு பதின்மூன்றும்: ஓர் ஒப்பியல் ஆராய்ச்சி

பாயிரம்

அடுத்தடுத்து அமைந்த இரண்டு பெருநகரங்கள் ஒன்றையொன்று மெச்சி வாழ்ந்ததாக உலக சரித்திரத்தில் எங்கும் காணோம். லிவர்ப்பூல் துறைமுகத்துக்குக் கட்டணஞ் செலுத்தி மனம் வெதும்பிய மாஞ்செஸ்டர் வணிகர், கடலையே காணாத தம் ஊருக்குக் கால்வாய் வெட்டிக் கப்பலை வீட்டு வாசலுக்கு வரவழைத்து, 1894ஆம் ஆண்டிலே அக்கால்வாயைத் திறந்தும் வைத்தனர். சிட்னியும் மெல்பேர்ணும் தலைநகரப் பதவிக்காக மல்லுக்கட்டியதன் பலனாக, இரண்டுக்கும் இடைப்பட்ட புல்வெளியில் கன்பரா என்னும் மூன்றாம் நகரம் முளைத்து, 1927இல் அவுஸ்திரேலியப் பாராளுமன்றமே அங்கே குடிபுகுந்தது. இவற்றையெல்லாம் பற்றி மேனாட்டுப் பண்டிதர்கள் நூல்நூலாக எழுதிக் குவித்திருக்க, பத்துக் கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில், ஒரே மாநகர சபைக்கு வரி செலுத்தி, ஒரே தமிழைப் பேசி, ஒரே பஞ்சாங்கத்தைப் பார்த்து நல்லநாள் குறித்துக்கொண்டும், ஒன்றையொன்று அநுதாபத்தோடு நோக்கிவரும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்னும் இரு மாநகரங்களின் நெடுநாட் பிணக்கைக் குறித்து ஒரு முறையான ஆராய்ச்சி வேண்டப்படுவதை அறிஞர் உலகம் மறுக்காது.

இவை நகரங்களே அல்ல, கொழும்பு என்னும் ஒரு நகரத்தின் இரண்டு வட்டாரங்கள் மாத்திரமே என ஆட்சேபிப்பாரும் உளர். 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினால் தோன்றிய கொழும்பு மாநகர சபையின் பதிவேடுகளைப் புரட்டினால் அவர் கூற்று மெய்போலத் தோன்றக்கூடும். ஆயினும் நகரமென்பது சட்டத்தினால் உண்டாவதன்று. தன் ஊரைப்பற்றி அயலூரான் ஒரு சொல் குறைத்துச் சொன்னவிடத்து ஒருவனுக்குச் சிவக்கும் முகத்தினால் உண்டாவது. இந்த இலக்கணத்தின்படி கொட்டாஞ்சேனை ஒரு நகரம். வெள்ளவத்தை மற்றொரு நகரம். இடையிலே கிடப்பவை யாவும் பிரயாணத்துக்கு நேர்ந்த இடையூறுகள்.

நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்கு வகுத்த எட்டனுள் ஆக்கியோனும் கேட்போரும் எல்லையும் ஈண்டு விசேஷமாகச் சொல்லத்தக்கன. ஆக்கியோனது நடுநிலை கணிதத்தால் நிறுவத்தக்கது: ஆறுக்கும் பதின்மூன்றுக்கும் சராசரி ஒன்பதரை, அரை இலக்கத்திலே வாடகை வீடு அகப்படாமையால், கொழும்பு ஒன்பதாகிய தெமட்டகொடையில் குடியிருந்து, இரு தரப்பினராலும் சமமாக இரங்கப்படுபவன். கேட்போர், 155ஆம் இலக்க பஸ்வண்டியில் வெள்ளவத்தையில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போவோர். இந்நூலை முழுவதும் படித்து, ஐயந்திரிபறச் சிந்தித்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதற்கு வேண்டிய அவகாசம் அவர்களுக்கே வாய்ப்பதாம்.

எல்லை நிர்ணயம்

தபால் இலாகாவின் கணக்கில் கொட்டாஞ்சேனை கொழும்பு 13. வெள்ளவத்தை கொழும்பு 6. விஷயம் இவ்வளவோடு முடிந்திருந்தால் ஆராய்ச்சிக்கு இடமில்லை. ஆனால் பொன்னாபரணம் பற்றிய பேச்சு எழுந்தவுடன் கொழும்பு 11இல் கிடக்கும் செட்டியார் தெரு கொட்டாஞ்சேனைக்குச் சொந்தமாகிவிடுகிறது. பத்திரிகைத் தொழிலைப் பற்றிய பேச்சு எழுந்தால், 1930இல் தோன்றிய வீரகேசரியின் பொருட்டுக் கொழும்பு 14ஆகிய கிராண்ட்பாஸும் உடன் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. குப்பைமேடு பற்றிய பேச்சு வந்ததோ, கூப்பிடு தூரத்திலுள்ள புளூமெண்டால் அக்கணமே வேறோர் இராச்சியமாய் ஒதுங்கிவிடுகிறது. வெள்ளவத்தையும் இவ்வித்தையில் சளைத்ததன்று. கதிரேசன் கோயிலைப்பற்றிப் பிரஸ்தாபிக்கும்போது பம்பலப்பிட்டி அதன் ஒரு வீதியாகிறது. தெகிவளையில் தொடர்மாடி வீடு விற்போர் ‘வெள்ளவத்தைக்கு அண்மையில்’ என்று விளம்பரஞ் செய்கையில் வெள்ளவத்தையார் மௌனமாகப் புன்னகை செய்கின்றனர். அடைமழையில் வாய்க்கால் பெருகி வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால், ‘அது பாமன்கடைப் பக்கம்’ என்று விரைந்து திருத்துகின்றனர். இவற்றிலிருந்து பெறப்படும் விதி ஒன்று: ஊரெல்லை பெருமை பேசுகையில் விரியும், குறை பேசுகையில் சுருங்கும்.

காட்சி அளவை

கண்ணாற் கண்டறியத்தக்கவற்றுள் முதலாவது கடல். இரு நகரங்களுக்கும் கடல் உண்டு. ஆயின் ஒன்றன் கடலை மற்றொன்று கடலென்று ஏற்பதில்லை. வெள்ளவத்தைக் கடல் பார்ப்பதற்குரியது. மாலையிலே இளைப்பாறிய உத்தியோகத்தர்கள் தண்டவாளத்தைக் கடந்து சென்று, கற்பாறைகளின்மீது அமர்ந்து, சூரியன் மறைவதை ஓர் அரசாங்கக் கோவையை மேற்பார்வை செய்யும் சிரத்தையோடு கவனித்து, அது விதிப்படி மறைந்ததென்று திருப்தியுற்ற பின்னரே வீடு திரும்புவர். கொட்டாஞ்சேனைக் கடலோ உழைப்பதற்குரியது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதடுப்புச் சுவருக்கு உட்புறத்தில் அது கப்பல்களைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. கொட்டாஞ்சேனை மேட்டில் நிற்பவர் கண்ணுக்கு அலை புலப்படுவதற்கு முன் பாரந்தூக்கிகளே புலப்படும். ‘உங்கள் கடலால் ஒரு மூடை அரிசி வந்ததுண்டா?’ என்பது வடபுலத்தார் வினா; ‘உங்கள் கடலில் ஒரு மூச்சுக் காற்று வந்ததுண்டா?’ என்பது தென்புலத்தார் எதிர்வினா. இரண்டுக்கும் இன்றுவரை விடை கிடைத்திலது.

இரண்டாவது வீதி. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் பலவற்றுக்குப் பெயரே இல்லை. வெறும் இலக்கங்களே உண்டு. எவ்வொழுங்கையில் நுழைந்தாலும் ஒரு முனையில் காலி வீதியும் மறுமுனையில் கடலும் இருப்பதால் அங்கே வழி தவறுவோர் இலர். ஆதலால் வழி கேட்டு அறிமுகமாவோரும் இலர். கொட்டாஞ்சேனையிலோ ஜம்பட்டா வீதி, மேபீல்ட் வீதி, விவேகானந்த மேடு எனப் பெயர்கள் உண்டு. வீதிகள் வளைந்தும் ஏறியும் இறங்கியும் செல்வதால் வந்தவர் வழி கேட்டே தீரவேண்டும். கேட்டவருக்கு வழியோடு, வழியிலுள்ள வீடுகளின் குடும்ப வரலாறும் இலவசமாகக் கிடைக்கும். இவ்விஷயத்தில் 155ஆம் இலக்க வண்டியில் நிகழ்ந்த ஒரு சம்வாதம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவுவது. ‘கொட்டாஞ்சேனையிலை கார் விடுறதுக்கு ஒரு இடமில்லையே, அக்கா’ என்றார் வெள்ளவத்தைக் கனவான். ‘காரை விட்டுட்டு என்னத்துக்கு, தம்பி? எங்கட பக்கம் எல்லாம் நடந்து போற தூரத்தில இருக்கு. உங்கட பக்கத்திலதானே காத்துக்கும் சேத்து வாடகை எடுக்கிறாங்க’ என்றார் கொட்டாஞ்சேனை அம்மையார். நடத்துநர் இருவரிடமும் சில்லறை கேட்டமையால் வாதம் அந்நிலையில் நின்றது.

அநுமான அளவை

புகையைக் கண்டு நெருப்பை அநுமானிப்பதுபோல, கல்யாணத்தைக் கொண்டு ஊரை அநுமானிக்கலாம். மணமகனின் தகைமைகளை விசாரிக்கையில் பட்டமும் சம்பளமும் சொல்லப்பட்ட பின்னர், ‘வெள்ளவத்தையில் சொந்தமாய் ஒரு பிளாட்’ என்ற வாக்கியம் உச்சரிக்கப்படுமாயின், சபையில் ஓர் அமைதி நிலவும். சாதகப் பொருத்தத்தில் இருந்த சிறு குறைகளும் அந்த அமைதியில் கரையும். இதனைக்கொண்டு வெள்ளவத்தையார் தம் மேன்மையை ஸ்தாபிக்க முயல்வர். கொட்டாஞ்சேனையாரின் மறுப்பு யாதெனில், அந்தப் பிளாட்டில் ஏறப்போகும் மணமகளின் கழுத்துத் தாலிக்கொடி செட்டியார் தெருவில் உருக்கி வார்க்கப்பட்டதேயன்றிக் காலி வீதியில் காய்த்ததன்று என்பதாம். எல்லை நிர்ணயத்தில் கண்ட விதிப்படி செட்டியார் தெரு இவ்விடத்தில் கொட்டாஞ்சேனையேயாம்.

உண்மையில், யாழ்ப்பாணத்திலிருந்தோ இலண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ கல்யாணச் சாமான் வாங்க வந்திறங்கும் குடும்பம் கூறைச்சேலைக்கு வெள்ளவத்தைக்கும் தாலிக்கொடிக்குச் செட்டியார் தெருவுக்குமாக அலைந்தே தீரும். பொன்னை முந்தி வாங்குவதா, பட்டை முந்தி வாங்குவதா என்பதில் பெண் வீட்டாருக்குள் பேதம் உண்டு. இரண்டில் ஒன்றை விட்டுவிடலாம் என்னும் அபிப்பிராயமோ எவருக்கும் இல்லை. ஒரு நகரத்தில் மட்டும் ஒரு தமிழ்க் கல்யாணம் முற்றுப்பெறாது என்னும் இவ்வநுமானத்தை இரு தரப்பாரும் அறிவர். அறிந்தும், வாய்விட்டுச் சொல்வதைக் கௌரவக் குறைவாகக் கருதுவர்.

உரை அளவை

ஆன்றோர் வாக்கும் ஆவணமும் இவ்வளவையின்பாற்படும். தொன்மையில் கொட்டாஞ்சேனைக்கு நிகர் கூறுதல் அரிது. 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வூல்பெண்டால் தேவாலயம் அதன் மேட்டில் நிற்கிறது. புனித லூசியா பேராலயத்தின் கவிகை துறைமுகத்தை நோக்குகிறது. பொன்னம்பல முதலியார் 1857இல் எடுப்பித்து, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரம் கொச்சிக்கடையில் விளங்குகிறது. உலகெங்கும் இன்று பறக்கும் பௌத்தக் கொடி 1885ஆம் ஆண்டு வெசாக் நாளில் ஏற்றப்பட்ட இடங்களுள் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தமாராமய விகாரையும் ஒன்று. நான்கு சமயத்தவர் ஒரே தெருவில் ஒருவர் திருவிழாவில் மற்றவர் சத்தத்தைச் சகித்துப் பழகிய ஊர் அது. இதற்கு விடையாக வெள்ளவத்தையார் காட்டுவது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த நெசவாலையை. அதுவும் மறைந்து அவ்விடத்தில் வானளாவிய மாடிவீடுகள் நிற்பதால், தம் தொன்மையை நிரூபிக்க அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியவராகிறார். ஆயினும் 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் ஐம்பத்தேழாம் ஒழுங்கையில் வீற்றிருப்பதை அவர் சுட்டும்போது, கொட்டாஞ்சேனையார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை மாற்றுவர்.

இனி, இவ்வாராய்ச்சியின் சிகரமான குரு சிஷ்ய விவாதம். வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷனும் அதன் பெயராலாகிய வீதியும் உள. கொட்டாஞ்சேனையில், 1902இல் நிறுவப்பெற்ற விவேகானந்த சபையும் அதன் பெயராலாகிய மேடும் உள. குருவைத் தாங்கிய ஊர் சீடனைத் தாங்கிய ஊரினும் ஒருபடி உயர்ந்ததென்பது வெள்ளவத்தையார் பூர்வபட்சம். கொட்டாஞ்சேனையார் இதனை மூன்று நியாயங்களால் மறுப்பர்: சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு தை மாதத்தில் தம் திருவடியைக் கொழும்பு மண்ணிலேயே பதித்தவர், பரமஹம்சரோ இலங்கைக்கு எழுந்தருளினாரல்லர்; சுவாமி வந்திறங்கியது துறைமுகத்தில், வெள்ளவத்தைக் கற்பாறையில் அன்று; அன்றியும், தாம் இருப்பது மேட்டில், அவர்கள் இருப்பது பள்ளத்தில். மூன்றாவது நியாயம் தர்க்கத்துக்கு அடங்காததாயினும் பூகோளத்துக்கு அடங்கும்.

ஆடிமாத வேல்விழாவைப் பற்றிய வழக்கும் இத்தகையது. செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் இரதம் காலி வீதி வழியே தெற்கு நோக்கிப் பம்பலப்பிட்டிக்கு எழுந்தருளிப் பின் மீள்கிறது. கடவுளின் நிரந்தர விலாசம் வடக்கே என்பது ஒரு சாரார் கொள்கை. கடவுளுக்கே காற்று மாறுதல் வேண்டியபோது தெற்கே வருகிறார் என்பது மறுசாரார் கொள்கை.

இந்த அளவைகள் யாவும் செல்லாதொழியும் ஓர் அத்தியாயமும் உண்டு. 1983 ஆடி இனக்கலவரத்தில் இரு நகரங்களிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அகதிகளாய் நின்றவர்களிடம் எவரும் எந்த இலக்கத்துக் கொழும்பென்று வினவவில்லை. அங்கே ஆராய்ச்சியாளன் தன் தராசை மூடிவைத்தலே முறை.

கணிதம்

இலக்கத்திற் பெரியதே பெரியதென்பர் பதின்மூன்றார். பரீட்சைத் தரவரிசையில் சிறிய இலக்கமே சிறந்ததென்பர் ஆறார். இருவரும் கவனியாதுவிட்ட ஒரு சூத்திரத்தை ஈண்டு முதன்முறையாக வெளியிடுகின்றோம்: பதின்மூன்றிலிருந்து ஆறைக் கழித்தால் எஞ்சுவது ஏழு. கொழும்பு ஏழென்பது கறுவாத்தோட்டம். நிழல் மரங்களும் அகன்ற வீதிகளும் உயர்ந்த மதில்களும் உடைய அவ்விடத்தில், அயலாரோடு போட்டியிடுவதற்கு அயலாரே கண்ணுக்குத் தென்படார். வடக்கேயாயினும் தெற்கேயாயினும், கையிற் பொருள் மிகுந்தவன் ஈற்றில் வீடு தேடுவது அங்கேதான். சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் கன்பரா வாய்த்ததுபோல இவ்விரு நகரங்களின் பிணக்குக்கும் ஒரு கழித்தல் விடை முன்னமே ஆயத்தமாய் இருக்கிறது. ஆனால் ஏழுக்குக் குடிபெயர்ந்தவர்கள் மாலைதோறும் காரேறி ஆறுக்கு வடை வாங்கவும் வெள்ளிதோறும் பதின்மூன்றுக்குக் கோயில் கும்பிடவும் வருவதை நோக்குமிடத்து, அவ்விடை கணக்குக்குச் சரியேயன்றி மனிதர்க்குச் சரியன்று என்பது போதரும்.

சித்தாந்தம்

ஓர் ஊர் தன் பெருமையைத் தானே அளந்துகொள்ள இயலாது. அளக்க ஓர் அயலூர் வேண்டும். கொட்டாஞ்சேனை இல்லாதிருந்தால் வெள்ளவத்தையின் காற்று வெறுங்காற்று. வெள்ளவத்தை இல்லாதிருந்தால் கொட்டாஞ்சேனையின் தொன்மை வெறும் பழசு. ஆதலால், ஒன்றையொன்று இகழ்வதாகிய கைங்கரியத்தை இருவரும் இடையறாது செய்துவரக் கடவர் என்றும், கல்யாணச் செலவில் இரு நகரங்களும் சமபங்கு பெறக் கடவன என்றும், மேன்மை எதற்கு என்னும் வினா என்றும் தீராதிருக்கக் கடவது என்றும் தீர்ப்பளிக்கின்றோம். இத்தீர்ப்பினால் மனக்குறையுற்றோர் புதுக்கடை நீதிமன்றத்தில் முறையிட்டுக்கொள்ளலாம். அது கொழும்பு 12 என்றும், கொட்டாஞ்சேனைக்கு அடுத்த வீடு என்றும், அங்கே நியாயம் கிடைப்பது சந்தேகமென்றும் வெள்ளவத்தை வாசகர்கள் முதல் தவணையிலேயே ஆட்சேபம் எழுப்பிவைப்பது நலம்.