பூண்டு மாத்திரையும் மருந்துச் சீட்டும்

கேள்வி: ரசத்தில் தட்டிப் போடும் பூண்டுதானே மாத்திரையாகவும் வருகிறது? அதை மருத்துவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பதில்: ரசத்துப் பூண்டு இலையோரம் ஒதுக்கப்படவும் வாய்ப்புண்டு, செறிவூட்டப்பட்ட மாத்திரைப் பூண்டோ நாள் தவறாமல் முழுதாக உள்ளே போய்விடுகிறது. பூண்டில் உருவாகும் அஜோயீன் முதலிய கந்தகச் சேர்மங்கள், காயம்பட்ட இடத்தில் ஒன்றுகூடி இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைப்பதால், உறைவெதிர் மருந்தான வார்ஃபரினோடும், சீட்டில்லாமலே கிடைக்கும் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவற்றோடும் அது கூட்டணி சேரும்போது இரத்தக்கசிவு அபாயம் கூடக்கூடும். எச்.ஐ.வி.க்கான சாக்வினாவிர் மருந்துக்கோ பூண்டு எதிர்க்கட்சி: நலமான தன்னார்வலர்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பூண்டு மாத்திரை உட்கொண்டபோது அம்மருந்தின் இரத்த அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பூண்டு மாத்திரையை நிறுத்துமாறு மருத்துவ நூல்கள் அறிவுறுத்துவதும் இரத்தக்கசிவை அஞ்சியே. ஆகவே, வேறென்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்கையில் இதையும் சொல்லிவிடுவதே முறை. வாடையே காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது, ஏனெனில் வாடையற்ற பூண்டு மாத்திரைகளும் கடைகளில் விற்கப்படுகின்றன.