கீரை கெடுத்த வயிறு, சட்டம் கொடுக்கும் கை

கேள்வி: ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய வல்லாரையில் சம்பல் போட்டோம். மறுநாள் நாலு பேருக்கும் வாந்தி, பேதி. முதலில் யாரிடம் போவது? (வாசகி, பசறை)

ஆஸ்பத்திரிக்குத்தான். மாத்திரை வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினால் வயிறு தேறலாம், ஆனால் நியாயம் கேட்க கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. சாப்பிட்டது என்ன என்பதை டாக்டரிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். உணவு நஞ்சாதல் இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய். ஆகவே தகவல் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) விசாரிக்க வருவார். வியர்த்துக் கொட்டி, எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கினால் பூச்சிமருந்தாக இருக்கலாம். உடனே 1990 ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மிச்ச சம்பலை மாமியார் கொட்டிவிட்டார். இனி கேஸ் நிற்குமா? (ஹாலிஎல)

நிற்கும், கொஞ்சம் தள்ளாடும். ஆஸ்பத்திரி காட், மலப் பரிசோதனை முடிவு, அதே கடையில் வாங்கி நோயில் விழுந்த அயலவரின் சாட்சி, எல்லாம் சான்றுதான். 2011இல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் உயிரிழந்தபோது முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல் பழி விழுந்தது. உணவகங்களில் யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று பட்டியல் போட்ட பிறகுதான் முளைவிட்ட வெந்தயம் பிடிபட்டது. நீங்களும் இன்றே பட்டியல் எழுதுங்கள். அடுத்த முறை மிச்சத்தை மூடிக் குளிரில் வைத்து பி.எச்.ஐ. கையில் கொடுங்கள்.

கேள்வி: கடைக்காரருக்கு விதிக்கும் அபராதம் நமக்குத்தானே? (மடுல்சீமை)

இல்லை, அது அரசுக்கு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தவறு செய்தவரைத் தண்டிக்கிறது. குற்றவாளி என்று தீர்ந்தால் உங்களுக்கு நட்டஈடு கொடுக்கும்படி நீதவான் கட்டளையிடலாம். நீங்களே நேராகக் கேட்கவும் இரண்டு வழி உண்டு. ஒன்று, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தொலைபேசி 1977. மற்றது, மாவட்ட நீதிமன்றம். இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மருந்துச் செலவு, இழந்த பேர் (நாட்சம்பளம்), பட்ட வேதனை மூன்றையும் கேளுங்கள். சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: "கீரை வெலிமடையிலிருந்து வந்தது, நான் பயிர் செய்யவில்லை" என்கிறார் கடைக்காரர். (பண்டாரவளை)

பயிர் செய்யாவிட்டாலும் விற்றவர் அவர். உண்ணத் தகாததை விற்பதையே உணவுச் சட்டம் தடுக்கிறது. விளைவித்தவரை விட்டுவிடவும் தேவையில்லை. போத்தலில் செத்த நத்தை கிடந்ததாகச் சொன்ன ஒரு ஸ்கொட்லாந்துப் பெண்ணின் வழக்கில், பொருளை நேரே விற்காத உற்பத்தியாளருக்கும் கவனக்கடமை உண்டு என்று பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1932இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் ரோமன்–டச்சுச் சட்டத்திலும் கவனயீனத்துக்கு நட்டஈடு உண்டு. கவனயீனத்தை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அதற்குத்தான் பி.எச்.ஐ. அறிக்கை.

கேள்வி: பிள்ளை மடுவத்தில் கீரைச்சோறு சாப்பிட்ட மகனுக்கு வருத்தம். தொழிற்சங்கத் தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார், பொறுக்கச் சொல்கிறார். (நமுனுகுல)

தலைவர் பேசட்டும், நீங்கள் பொறுக்க வேண்டாம். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக இரண்டு வருடக் கெடு நிற்காது. வேலைநேரத்தில் பணியாளர் காட்டும் கவனயீனத்துக்கு அவரை அமர்த்தியவர் பொறுப்பு. தோட்ட நிர்வாகம் நடத்தும் மடுவமானால் துரைக்குக் கடிதம் கொடுங்கள். நகலில் கையொப்பம் வாங்குங்கள். அரச பாடசாலைச் சாப்பாடு என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்த பிறகே வழக்குப் போடலாம்.

கேள்வி: சட்டத்தரணிக்குக் காசில்லை. சிங்களமும் தெரியாது. (லுணுகலை)

இரண்டும் தடையல்ல. வருமானம் குறைந்தவர்களுக்காகவே 1978இல் சட்ட உதவி ஆணைக்குழு பிறந்தது. பதுளையிலும் அதன் அலுவலகம் உண்டு. சம்பளச் சீட்டோடு போங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள், "சிங்களத்தில் கொண்டுவா" என்று திருப்பி அனுப்பினால் திரும்பாதீர்கள்.

கேள்வி: பேசாமல் கீரையையே விட்டுவிடலாமா? (அப்புத்தளை)

வேண்டவே வேண்டாம். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் கைக்கெட்டிய விலையில் கிடைக்கும் சத்து அது. ஒவ்வோர் இலையாக ஓடும் நீரில் கழுவுங்கள். கழுவுவது கிருமியைக் குறைக்கும், முற்றாகப் போக்காது. கர்ப்பிணிகளுக்கும் சின்னவர்களுக்கும் பச்சைச் சம்பலாக வேண்டாம், வேகவைத்துக் கொடுங்கள்.

மற்றதைச் செய்ய வேண்டியவர்கள் பயிரிடுபவரும் விற்பவரும். அழுக்குத் தண்ணீரில் கீரை அலசுகிறவரை யாரும் கேட்காவிட்டால், அடுத்த கட்டு இன்னொரு லயத்துப் பிள்ளையின் தட்டுக்குத்தான் போகும். வயிறு தேறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். முறைப்பாட்டை எழுதிக் கொடுங்கள்.