அட்டை இருக்கு, அவசரம் எதுக்கு?

உக்காரு மருமவனே. சர்க்கார் காப்பீட்டு அட்டைய லேமினேஷன் போட்டு சாமி படத்துக்குப் பின்னால செருகி வச்சிருக்கியாமே, உன் அத்தை சொன்னா. நல்லதுதான். வருச வருமானம் 1,20,000 ரூவாய்க்குள்ளன்னு வி.ஏ.ஓ.கிட்ட கையெழுத்து வாங்கப் போன அன்னைக்கு மட்டும் புது பைக்க தோப்புல ஒளிச்சு வச்சிட்டு நடந்து போனியே, அந்த அடக்கம் யாருக்கு வரும்! குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் வைத்தியச் செலவு. ‘இனி சுகர் வந்தா என்ன மாமா, சர்க்கார் பாத்துக்கிடும்’னு சொல்லிட்டு அடுத்த ஜிலேபிக்குக் கைய நீட்டுத.

அந்த அட்டை ரொம்பப் பொறுமைசாலிடே. 2009-ல ஒரு பேரு, 2012-ல ஒரு பேருன்னு மாறுச்சே தவிர குணம் மாறல. தலை சுத்துதுன்னு நீ போனா திரும்பிப் பாக்காது. மாசாமாசம் மாத்திரை வாங்க நீட்டினாலும் கண்டுக்கிடாது. ஆஸ்பத்திரியில நீ படுக்கணும். கிட்னி கெட்டுப் போச்சு, டயாலிசிஸ் பண்ணணும். கால் புண்ணு அழுகிப் போச்சு, எடுக்கணும்னு டாக்டர் எழுதணும். அப்பம்தான் அது முழிச்சுப் பாக்கும். நீ தாராளமாக் காத்திருக்கலாம். உனக்குத்தான் காலு ரெண்டு இருக்கே!

பொறுமை இல்லாத என்னைய மாதிரி ஆளுவ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருதோம். அங்க காப்பீட்டு அட்டையும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம். விரல் நுனியில சுருக்குன்னு ஒரு குத்து. முப்பது தாண்டின எவனும் நீட்டலாம். உனக்கு அது தாண்டி எத்தனை பொங்கல் போச்சு? வெறும் வயித்துல 126, சாப்பிட்டு ரெண்டு மணி நேரங்கழிச்சு 200, அதுக்கு மேல காட்டுச்சுன்னா மறுபடியும் ஒருக்கா பாத்து உறுதி பண்ணிட்டு, மெட்ஃபார்மின் மாத்திரைய சும்மாவே குடுக்காவ. 2021 ஆகஸ்ட்ல ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பொறவு பையத் தூக்கிக்கிட்டு ஒரு பிள்ள வீட்டு வாசலுக்கே வருது. போன மாசம் அது உன் கதவத் தட்டினப்ப நீ கொல்லைப்பக்கமா ஓடினியாம். வட்டிக்காரன்னு நெனச்சிட்டியோ?

முந்தின நாளு ராத்திரி பட்டினி கெடந்தா மிஷின ஏமாத்திரலாம்னு உன் சித்தப்பன் ரகசியம் சொல்லுவான். கேட்டுராத. எச்பிஏ1சின்னு ஒரு டெஸ்ட் இருக்கு. சீர்வரிசைக் கணக்குப் பாக்க வந்த சம்பந்தியம்மா மாதிரி, மூணு மாசத்துல நீ தின்ன தீபாவளிப் பலகாரத்தையும் கோயில் கொடைப் பாயசத்தையும் அது வெளிய இழுத்துப் போட்டுரும்.

நாளைக்கு விடியக்காலம் கெளம்பு. எட்டு மணி நேரமாவது வயித்துல ஒண்ணும் போயிருக்கப்படாது. காப்பி கூடாது, வடை கூடாது. தண்ணி குடிக்கலாம். நீ சாயங்காலம் குடிக்கியே, அந்தத் தண்ணி இல்லடே. பச்சத்தண்ணி.